கணினி திறந்ததும் எண்பலகை தயார்

விசைப்பலகையின் வலக்கோடியில் உள்ள எண்பலகைக்கு இரண்டு வேலைகள். நம்லாக் விசையின் விளக்கு எரிந்தால் எண்பலகை எண்களைத் தரும். அணைந்திருந்தால் 8, 2, 4, 6 ஆகியவை அம்புக்குறிகளாகவும், புள்ளி அழிப்பு விசையாகவும் மாறிவிடும். 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் 83 விசைப் பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி இடமில்லாததால் செய்த ஏற்பாடு இது. 1986இல் 101 விசைப் பலகை வந்து அம்புக்குறிகள் தனியே பிரிந்தன. நம்லாக் மட்டும் போகவில்லை.

ஆரணி போன்ற பட்டு நெசவு ஊரில் இது சின்ன விஷயமில்லை. பாவு, ஊடைப் பட்டின் எடை, ஜரிகையின் கிராம், சேலைக் கூலி, 12 இலக்க ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் என்று கைத்தறிச் சங்கத்திலும் ஜவுளிக் கடையிலும் தட்டப்படுவதில் பெரும்பகுதி எண்களே. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் பில் வேலையும் சேர்ந்துகொண்டது. கை பழகிய கணக்கர் விசையைப் பார்ப்பதில்லை. 5இன் மேலுள்ள சிறு மேட்டை நடுவிரல் தொட்டால் போதும். கண் சீட்டிலேயே இருக்கும். நம்லாக் அணைந்திருப்பது தெரியாமல் எக்செல் தாளில் 4.2 என்று அவர் தட்டினால், 4 கர்சரை இடப்பக்கக் கட்டத்துக்குத் தள்ளும், புள்ளி அங்கே இருந்த எடையை அழிக்கும், 2 கீழ்வரிசைக்கு இறக்கிவிடும். ஒரு நெசவாளரின் கணக்கில் ஓர் எண் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். கடவுச்சொல்லில் எண் இருந்தால் தொல்லை வாசலிலேயே தொடங்கும்.

ஆகவே நம்லாக்கைத் தினமும் கையால் அமுக்குவதைவிட, கணினி திறக்கும்போதே எரியச் செய்துவிடுவது நல்லது. முதலில், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸ். கணினி உயிர்பெறும் கணத்தில் எஃப்2 அல்லது டெலீட் விசையை அமுக்கி உள்ளே போனால், 'பூட்டப் நம்லாக்' என்ற அமைப்பு பல கணினிகளில் இருக்கும். ஆனால் விண்டோஸ் எழுந்ததும் தன் சொந்தக் குறிப்பையே பின்பற்றும் என்பதால் இது மட்டும் போதாது.

அந்தக் குறிப்பு, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், கன்ட்ரோல் பேனலின் கீபோர்டு பகுதியில், 'இனிஷியல் கீபோர்டு இண்டிகேட்டர்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. 0 என்றால் அணைவு, 2 என்றால் எரிவு. பயனருக்கு ஒன்று, உள்நுழைவுத் திரைக்கு ஒன்று என அது இரண்டு இடங்களில் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றியவர்கள்தாம் 'மாற்றியும் பலனில்லை' என்கிறார்கள். உள்நுழைவுத் திரைக்கான '.டீஃபால்ட்' பிரிவில் 2147483648 என்று இருந்தால் 2147483650 ஆக்க வேண்டும். கூடுவது அதே 2தான். கை வைக்குமுன் ரெஜிஸ்ட்ரிக்கு நகல் எடுத்துக்கொள்வது அவசியம். விண்டோஸ் 8இல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதி, கணினியை முழுதாக அணைக்காமல் நிலையைச் சேமித்துவைப்பதால், சில கணினிகளில் மாற்றத்தைத் தடுக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திவிடலாம்.

விண்டோஸ் இல்லாத கணினிகளுக்கும் வழி உண்டு. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழிவந்தது. அவ்வகைக் கணினிகளில் 'நம்லாக்எக்ஸ்' என்ற சிறு நிரல் இந்த வேலையைச் செய்யும். கேடிஈ திரைச்சூழலில் விசைப்பலகை அமைப்பிலேயே இதற்கான தேர்வு இருக்கிறது.

தனி எண்பலகை இல்லாத பழைய சிறு லேப்டாப்களில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அவற்றில் நம்லாக் எரிந்தால் யூ, ஐ, ஓ ஆகிய எழுத்துகள் 4, 5, 6 ஆகிவிடும்.