உயரமான கட்டடம் போட்டோவில் மட்டும் ஏன் சாய்கிறது?

சென்னை அண்ணா சாலையில், 1959-இல் திறந்த 177 அடி எல்ஐசி கட்டடத்தைச் செல்போனில் எடுத்துப் பாருங்கள். படத்தில் மல்லாந்து விழப்போவதுபோல் இருக்கும்.

காரணம், உச்சி தெரியவேண்டுமென்று நீங்கள் அண்ணாந்து பிடித்த கேமரா.

டார்ச் லைட்டைச் சுவருக்கு நேராக அடியுங்கள்: வட்டம். மேல்நோக்கிச் சாயுங்கள்: வெளிச்சம் மேலே போகப்போக அகலும். சாய்ந்த கேமராவின் பார்வையும் அப்படியே அகல்கிறது. அந்த அகலத்தையும் அதே சட்டத்துக்குள் அடக்கவேண்டுமே! மேல்மாடிகள் குறுகிவிடுகின்றன.

நம் கண்ணிலும் பிம்பம் இப்படித்தான் விழுகிறது, ஆனால் மூளை அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

எப்படி நிமிர்த்துவது? தள்ளிப்போய், போனைச் செங்குத்தாகப் பிடியுங்கள். (அந்த டிராஃபிக்கில் எங்கே தள்ளிப்போவது?) இல்லையேல், எடிட்டிங் ஆப் படத்தின் மேற்பகுதியை இழுத்து அகலமாக்கும். இழுத்த இடம் சற்று மங்கும், ஓரங்கள் வெட்டுப்படும். முழுக்க நேராக்கினால் கட்டடம் தலைபெருத்துத் தெரியும். கொஞ்சம் சாய்வை விட்டுவைப்பதே என் கட்சி.