வீட்டு வரி: கட்டுவதும் நாமே, கணக்குக் கேட்பதும் நாமே



போன மாதம் ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்த பிறகு வீட்டு வரிப் பேச்சு வந்தது. ஒரு அக்கா, "ஏம்மா, எங்க தெரு லைட்டு மூணு மாசமா எரியல. நாங்க எதுக்கும்மா வரி கட்டணும்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "நாம கட்டலேன்னா லைட்டு வாங்கிப் போட பணம் எங்கேருந்து வரும்?" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டு கேள்வியும் நியாயமானதுதான். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

வரிப் பணம் எதற்கு?

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரியை வசூலிப்பது கிராம ஊராட்சி. குடிநீர்க் கட்டணம், தொழில் வரி ஆகியவை தனி. இவையெல்லாம் ஊராட்சியின் சொந்த வருமானம். அரசு மானியமும் வரும். ஆனால் மானியத்துக்கு நிபந்தனை உண்டு. 15வது மத்திய நிதிக்குழு 2021 முதல் 2026 மார்ச் வரைக்கும் ஒதுக்கிய மானியத்தில் 100 ரூபாய்க்கு 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவு செய்யலாம். மீதி 40 ரூபாயிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. அவசரத்துக்குக் கை கொடுப்பது சொந்த வருமானம்தான்.

2018 நவம்பர் 16 கஜா புயலை நாம் மறக்க முடியுமா? தென்னை சாய்ந்தது, கரண்டு கம்பம் விழுந்தது, பல நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் டேங்கில் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கையில் பணம் இல்லாத ஊராட்சி என்ன செய்யும்?

டவுனில் நடந்த விவாதம்

நகரம், பேரூராட்சிகளில் சொத்து வரியை அரசு 2018ல் உயர்த்தியது. எதிர்ப்பு வந்ததால் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தது. 2022 ஏப்ரலில் மறுபடியும் உயர்வு வந்தது. சென்னை தவிர்த்த மற்ற ஊர்களில், ஒரத்தநாடு போன்ற பேரூராட்சிகள் உட்பட, 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். ஒரு பேச்சுக்கு, 800 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டியவர் அப்போது 600 கட்ட வேண்டியதாயிற்று.

"பல வருடமாக உயர்த்தவில்லை, உயர்த்தினால்தான் மத்திய நிதிக்குழு மானியம் கிடைக்கும்" என்றது அரசு. "கொரோனாவில் அடிபட்ட மக்கள் எப்படிக் கட்டுவார்கள்?" என்றார்கள் எதிர்த்தவர்கள். பின்னர் 2023 விதிகளில் ஆண்டுதோறும் குறைந்தது 6 சதவீதம் உயர்த்த வழி செய்யப்பட்டது. இவை நகர்ப்புறத்துக்கான விதிகள். கிராம ஊராட்சிக்கு விதி வேறு.

அப்படியானால் வரிக்கு ஒரு உச்ச வரம்பு வைத்துவிடலாமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மக்கள் 1978ல் ஓட்டுப் போட்டு அப்படித்தான் செய்தார்கள். சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, கணக்கிடும் மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்தார்கள். வயதானவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் உள்ளாட்சிகளின் சொத்து வரி வருமானம் பாதிக்கு மேல் குறைந்தது. பள்ளிக்கூடச் செலவுக்கு மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டி வந்தது.

நம்ம குழுவையே எடுத்துக்கொள்வோம். சேமிப்பை உயர்த்தவே கூடாது என்றால் பெரிய கடன் கொடுக்க முடியாது. இஷ்டத்துக்கு உயர்த்தினால் ஏழை உறுப்பினர் விலகிவிடுவார். அளவாக உயர்த்தி, கணக்கைத் திறந்து வைத்தால் எல்லோரும் தொடர்ந்து கட்டுவார்கள். ஊராட்சிக்கும் இதே நியாயம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. கிராம சபைக்குக் குழுவாகப் போவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை நடக்கும். நம் மாவட்டத்தில் 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பிறகும் கிராம சபை நடந்தது. தலைவர் இல்லை என்பதற்காகக் கேள்வி கேட்கும் உரிமை போய்விடாது.

2. வரவு செலவுச் சுருக்கமான 'படிவம் 30'ஐ வாசிக்கச் சொல்லிக் கேட்போம். வரி எவ்வளவு வந்தது, விளக்குக்கும் மோட்டாருக்கும் எவ்வளவு போனது என்று குறித்துக்கொள்வோம்.

3. குடிசைக்காரரிடம் மட்டும்தான் வசூலா, கல்யாண மண்டபமும் அரிசி ஆலையும் முழுசாகக் கட்டுகின்றனவா, பாக்கி யாரிடம் என்று கேட்போம்.

4. பணம் கட்டினால் ரசீது கட்டாயம் வாங்குவோம். பல இடங்களில் முகவரிக்குச் சான்றாகக் கேட்பார்கள். ஆனால் வரி ரசீது பட்டா ஆகாது. கோயில் மனையில் குடியிருப்பவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் குழுவில் கடைசியில் என்ன முடிவானது தெரியுமா? எரியாத விளக்குக் கம்பங்களைத் தெருத் தெருவாக எண்ணி எழுதி, வரி கட்டிய ரசீதுகளோடு கிராம சபைக்குப் போவது என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து, "எதுக்கு வரி?" என்று கேட்ட அந்த அக்காவுடையது.

உங்கள் குழுவிலும் இந்த மாதம் பேசுங்கள். என்ன முடிவு செய்தீர்கள் என்று கூட்டமைப்புக்கு எழுதுங்கள்.