டொய்ங்... ஸ்போக்ஸ் அவுட்!

‘டொய்ங்...’

சைக்கிள்ல காலேஜ் போற மக்களே, இந்தச் சத்தம் நமக்கெல்லாம் ரொம்பப் பழக்கம்தானே? பின் சக்கரத்துல ஒரு ஸ்போக்ஸ் கம்பி காலி! எனக்கு ஒரே செமஸ்டர்ல நாலு தடவை. மூணு தடவை, ‘ஒண்ணு மட்டும் மாத்திக் குடுங்கண்ணா’னு காசு குடுத்துட்டு வந்தேன். நாலாவது தடவைதான் கிளைமாக்ஸ்.

அன்னிக்கு ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ தேர்வு. எனக்கும் கேரியர்ல உட்கார்ந்திருந்த ரூம்மேட்டுக்கும் அது அரியர் பேப்பர். இதுல கோட்டை விட்டா கேம்பஸ் இன்டர்வியூ பக்கமே போக முடியாது. காலேஜுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ‘டொய்ங்’. கொஞ்ச தூரத்துல இன்னொண்ணு. ரிம் கோணி ஃபிரேம்ல உரசி, சக்கரம் நின்னே போச்சு. டீக்கடை ஓரமா வண்டியைச் சாத்திட்டு ஓடினோம். அரை மணி தாண்டினா ஹாலுக்குள்ள விடமாட்டாங்க. நாங்க நுழைஞ்சப்ப 25 நிமிஷம் போயிருந்தது. வேர்க்க விறுவிறுக்க கேள்வித்தாளைப் பார்த்தா... முதல் பெரிய கேள்வியே ‘ஃபெட்டீக்’. அதாவது, உலோகம் களைச்சுப்போய் உடையறது!

சாயந்திரம் சைக்கிள் கடை அண்ணன்கிட்ட, “டபுள்ஸ் வெயிட் தாங்கலையோண்ணா?”ன்னேன். அவர் பதில் சொல்லாம கம்பிகளை ஒவ்வொண்ணா விரலால சுண்டினார். டிங்... டிங்... டொப். “கேட்டியா தம்பி? ரிம் மாத்தி ஆறு மாசமாச்சு. ஒரு தடவையாவது இறுக்கிப் பார்க்கக் கொண்டாந்தியா? வெயிட்டு சும்மா சாக்கு. கம்பி தொளதொளன்னு கிடக்கு, அதான் உடையுது!”

புத்தகத்துல படிச்சது அப்பதான் மண்டையில ஏறுச்சு. சக்கரம் சுத்தும்போது, தரைப்பக்கம் வர்ற கம்பிகள்ல இழுவிசை குறையும். மேல போனதும் திரும்ப ஏறும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. தினம் எட்டு கிலோமீட்டர்னா 3,600 தடவை! கம்பி விறைப்பா இருந்தா இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். தளர்ந்திருந்தா, ஹப் ஓட்டையில மாட்டியிருக்கிற வளைவு ஒவ்வொரு சுற்றுக்கும் அசையும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கியே ஒடிப்போமே, அதே கதைதான். என்னோட அஞ்சு கம்பியும் அந்த வளைவுலதான் உடைஞ்சிருந்தது. பின் சக்கரத்துலதான் நம்ம பாரம் அதிகம்ங்கறதால முதல் அடி அங்கதான்.

ஒண்ணு உடைஞ்சா, அதோட பங்கும் பக்கத்துக் கம்பிங்க தலையில. அவையும் அதே அளவு களைச்சவைதானே? அதனால அடுத்தடுத்து போகும். ஒண்ணு ஒண்ணா மாத்தி நான் ஏமாந்தது இப்படித்தான். அண்ணன் ஃப்ரீவீலைக் கழற்றி, அந்தப் பக்கத்துக் கம்பி மொத்தத்தையும் மாத்தி, பெண்டு எடுத்துக் குடுத்தார். அதுக்கப்புறம் ‘டொய்ங்’ இல்லை!

அண்ணன் தந்த டிப்ஸ்:

* மாசம் ஒரு தடவை சுண்டிப் பாருங்க. ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுதியில பேசணும்.

* நிப்பிளை ஒரேயடியா முறுக்காதீங்க. கால் சுற்று, சக்கரத்தைச் சுத்திப் பார்த்து, மறுபடி கால் சுற்று.

* புது ரிம், புது கம்பி போட்டா, சில நாள் ஓட்டிட்டு இறுக்கம் பார்க்கக் கடைக்குத் திரும்பக் கொண்டு போங்க.

* நடுவழியில உடைஞ்சா, துண்டுக் கம்பி செயின்ல மாட்டாம பக்கத்துக் கம்பியில சுத்தி விடுங்க. ரிம் உரசினா பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவா கடைக்கு உருட்டுங்க. டபுள்ஸ்? மூச்!

ரிசல்ட் என்னாச்சா? ஃபெட்டீக் கேள்விக்கு ரெண்டு பேரும் பக்கம் பக்கமா எழுதி பாஸ். இப்ப ஞாயித்துக்கிழமை காலையில நான் சக்கரத்தைச் சுண்ட ஆரம்பிச்சா, போர்வைக்குள்ள இருந்து ரூம்மேட் குரல் குடுப்பான்... “சுதி சேர்ந்துச்சாடா?”