பிறர்க்கென ஏந்திய கை

திருவள்ளுவர் ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஒன்று இரத்தலுக்கு இடங்கொடுக்கின்றது. மற்றையது இரத்தலை அஞ்சுக என்கின்றது. இது முரணன்றோ என்று மாணாக்கர் வினவும்போதெல்லாம் உரையாசிரியர்களைத் துணைக்கழைத்து ஒருவாறு விடை கூறிவந்தேன். அந்த விடையில் ஒரு குறை உண்டென்பதைச் சென்ற தை மாதத்து ஞாயிறொன்றில் என் பழைய மாணாக்கர் ஒருவர் எனக்கு உணர்த்திச் சென்றார்.

அவர் வைத்தியசாலையொன்றிலே, புற்றுநோய்ப் பிள்ளைகளின் விடுதியிற் சிற்றூழியர். நோயாளரை வண்டியில் வைத்துத் தள்ளுதல், விரிப்பு மாற்றுதல், கழிகலம் கழுவுதல் ஆகியன அவர் தொழில். ஓய்வுநாளிலே பற்றுச்சீட்டுப் புத்தகமொன்றுடன் என் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார். சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென அவரும் உடன் ஊழியர் சிலரும் பணம் சேர்க்கின்றார்களாம்.

“தம்பி, படுக்கையிற் கிடக்கும் பிள்ளைக்குப் பாலும் பழமும் வாங்குவதென்றால் தருகிறேன். ஆராய்ச்சிக்கென்றால் அது கடலிற் கரைத்த பெருங்காயம் அன்றோ? மேலும், அது பெரிய வைத்தியர்களின் பாடு. உமக்கேன் இந்த வேலை?” என்றேன்.

அவர் முகம் கோணவில்லை. “ஐயா, ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவனை மறந்துவிட்டீர்களா?” என்றார்.

மறப்பேனா? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இரத்தப் புற்றுநோய் கண்ட அந்தப் பிள்ளைக்காகப் பால்மாப் பேணியொன்றின் மூடியைக் கீறி உண்டியலாக்கி வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினேன். தவணைப் பரீட்சைக்கு முன் அவன் போய்விட்டான். அதன்பின் எதற்காகவும் நான் பேணி ஏந்தியதில்லை.

“அந்தப் பேணியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தவன் நான்தான். மருந்து கேட்கவில்லை என்றுதானே வைத்தியர் சொன்னார்? கேட்கிற மருந்தை யாராவது தேடத்தானே வேண்டும், ஐயா?”

விடை சொல்ல இயலாது ஏதோ சிறுதொகை கொடுத்தனுப்பினேன். மனம் அமைதியுறாமையால், அன்றிரவு தொடங்கி இவ்விடயம் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுட் சில இவை.

ஐக்கிய அமெரிக்காவிலே, பொஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் சிட்னி ஃபாபர் என்பவர் நோய்க்குறியியல் வைத்தியராயிருந்தார். நிலக்கீழ் அறையிலிருந்து இறந்த பிள்ளைகளின் உடல்களை ஆராய்வது அவர் கடமை. அக்காலத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைக்கு மருந்தென ஒன்றில்லை. சில கிழமைகளில் அல்லது சில மாதங்களில் மரணம். கீரைவகைகளிலுள்ள ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தை ஃபாபர் அப்பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியாது விரைந்து வளர்ந்தது போலத் தோன்றிற்று. வேறொருவர் அத்துடன் மனமுடைந்திருப்பார். அவரோ, அச்சத்து நோய்க்கு உணவாகுமாயின் அதனைத் தடுத்தால் நோய் பட்டினி கிடக்குமன்றோ என்று எண்ணினார். உயிர்ச்சத்தின் வேடம் பூண்டு உட்சென்று, அதன் தொழிலை முடக்கும் போலிச்சத்தொன்று வேண்டியிருந்தது.

அதனை அளித்தவர் நம் பக்கத்து மனிதர். ஆந்திர தேசத்துப் பீமவரத்தில் 1895 இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் தலைமையில் இயங்கிய லெடெர்லி ஆய்வுகூடத்தில் அம்மருந்து உருவாயிற்று. அவர் 1923 இல் பொஸ்டனுக்குச் சென்றபோது கையிற் பொருளில்லை. பகலில் ஆய்வுகூடம்; இரவில் வைத்தியசாலையொன்றிலே விரிப்பு மாற்றி, நோயாளரின் கலங்களைக் கழுவும் ஊழியம். இதனைப் படித்தபோது, “உமக்கேன் இந்த வேலை?” என்று நான் கேட்ட கேள்வி என்னையே திரும்பிப் பார்த்தது.

1947 இன் இறுதியில் அமினொப்டெரின் என்னும் அம்மருந்தை ஃபாபர் வழங்கத் தொடங்கினார். 1948 ஜூனில் வெளியான கட்டுரையிலே, பதினாறு பிள்ளைகளுட் பதின்மருக்கு நோய் தணிந்ததாக எழுதினார். தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டது. ஆயினும் மூடிய கதவு சிறிது திறந்ததைக் கண்டவர், அதனை முற்றத் திறக்கப் பொருள் வேண்டுமென்று உணர்ந்தார். பிணவறையிலிருந்தவர் வீதிக்கு வந்து கையேந்தினார்.

1948 மே 22 ஆம் நாள் இரவு வானொலி நிகழ்ச்சியொன்றில், அவ்வைத்தியசாலைப் படுக்கையிலிருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று பேசிற்று. குடலிற் புற்றுநோய் கொண்ட அப்பிள்ளைக்கு அடிப்பந்தாட்டத்திற் பெருவிருப்பு. நிகழ்ச்சி நடக்கும்போதே பொஸ்டன் பிறேவ்ஸ் அணியின் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக அறைக்குள் வந்தனர். ஆராய்ச்சி நிதிக்கு 20,000 டொலர் சேருமாயின், ஆட்டம் பார்க்கப் பிள்ளைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியொன்று கிடைக்கும் என்று நேயர்க்குக் கூறப்பட்டது. சேர்ந்ததோ 2 இலட்சத்து 31 ஆயிரம் டொலருக்கு மேல்.

பிள்ளையின் மெய்ப்பெயர் சொல்லப்படவில்லை. ‘ஜிம்மி’ என்ற புனைபெயரே வழங்கிற்று. நிதியும் அப்பெயர் பெற்றது. ஒரு பிள்ளையின் துன்பத்தைக் காட்டிப் பொருள் கேட்போர் அப்பிள்ளையின் மானத்தையும் காக்கவேண்டும் என்ற நயம் அதில் உண்டு. ஜிம்மி இறந்திருப்பான் என்றே பலர் நினைத்திருந்தனர். ஐம்பதாண்டு கழித்து, 1998 இல், ஐனார் கஸ்டாப்சன் என்னும் லொறிச் சாரதி, தாமே அந்த ஜிம்மி என வெளிப்பட்டார். 2001 வரை வாழ்ந்தார்.

அமினொப்டெரினின் உடன்பிறப்பாக அதே ஆய்வுகூடத்திற் பிறந்த மெதொட்ரெக்சேட் என்னும் மஞ்சள் நிற மருந்து, பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வழங்கப்படுகின்றது. பின்வந்தோர் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைக் கண்டனர். அப்பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில், செல்வ நாடுகளிற் பத்துக்கு ஒன்பது பேரளவில் இன்று பிழைக்கின்றனர். ஆராய்ச்சிக்கு இட்ட காசு கடலிற் கரையவில்லை.

ஆனால் என் கேள்வியும் முற்றிலும் பிழையன்று. சிறுவர் புற்றுநோய்கள் அனைத்தையும் சேர்த்து நோக்கின், செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் குறைவானோரே குணமடைகின்றனர் என்கின்றது உலக சுகாதார தாபனம். 2030 இல் உலகெங்கும் அறுபதேனும் ஆகவேண்டும் என 2018 இல் அது இலக்கு வகுத்தது. காலந்தாழ்த்தி நோயறிதல், மருந்து கிடையாமை, இடைவழியிற் சிகிச்சையைக் கைவிடுதல் ஆகியன தாழ்வுக்குக் காரணங்கள். பிள்ளை ஏன் பிந்தி வருகின்றது, தாய் ஏன் இடைநடுவில் அழைத்துச் செல்கின்றாள் என்பவற்றை ஆராய்வதும் ஆராய்ச்சியே. அவற்றை நாள்தோறும் கண்ணாற் காண்பவர் வண்டி தள்ளும் ஊழியர். கேட்கும் உரிமை அவரினும் யாருக்குண்டு?

தனக்கென ஏந்தும் கை கூசும், கூசவும் வேண்டும். மணிமேகலை ஏந்திய அமுதசுரபியோ பிறர் பசிக்கு ஏந்தியது, அக்கை கூசவில்லை. ‘இரவச்சம்’ படிப்பிக்கும்போது இனி இதனையும் சேர்த்துச் சொல்வேன்.

அடுத்த கிழமை அவரை மீண்டும் அழைத்தேன். முன்னர்க் கொடுத்ததைப்போற் பலமடங்கு கொடுத்தேன். “யார் பெயரில் எழுத, ஐயா?” என்றார். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னேன். சிறிது நேரம் பேனையை எடுக்காதிருந்து, பின் எழுதினார். அப்பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவன் தாய் இன்றும் பத்திரிகை வாசிப்பவர்.

பழைய பேணி என்னிடமில்லை. புதிதாக ஒன்றின் மூடியைக் கீறி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் நாம் இருவரும் வீடுவீடாகச் செல்கிறோம். இம்முறை பேணியைத் தூக்கிச் செல்பவன் நான். உங்கள் படலையிலும் ஒருநாள் குரல் கேட்கலாம்.