ஓய்வுக்காலத்தைக் கடலில் கழிக்கலாமா?

நம் விருதுநகர், சிவகாசிப் பகுதியில் பணி ஓய்வு என்றால் அதன் பொருள் அனைவரும் அறிந்ததே. கிடைத்த தொகையில் ஒரு வீடு. மாடியில் வாடகைக்கு ஒரு பகுதி. வாசலில் ஒரு நாற்காலி. கணவன் மனைவியாகிய நாங்கள் வேறொன்றை எண்ணியிருக்கிறோம். பாய்மரப் படகொன்றை வாங்கி, அதிலேயே சமைத்து உறங்கி, கரையோரமாகப் பயணம் செய்து சில ஆண்டுகளைக் கழிப்பதே அவ்வெண்ணம். கடலில்லாத மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தகுமா என உறவினர் நகைக்கின்றனர். வீட்டை விற்றுவிடுவார்களோ எனப் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானதே. ஆகவே, ஆசையை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கும் நோக்குடன், கொச்சியில் நடைபெறும் இந்தியப் படகு, கடல்சார் கண்காட்சிக்குச் சென்று வந்தோம்.

மேனாடுகளில் இத்தகைய வாழ்வு புதிதன்று. அமெரிக்காவின் அனாபொலிஸ் நகரில் பாய்மரப் படகுகளுக்கென்றே 1970இல் ஒரு கண்காட்சி தொடங்கிற்று. படகுகளை நீரில் மிதக்கவிட்டு, விரும்புவோர் ஏறிப் பார்க்க அங்கே வகை செய்துள்ளனர். கொச்சியிலோ விசைப்படகுகளும் எஞ்சின்களுமே மிகுதி. ஆயினும் எங்களைப் போன்றோர் கேட்கவேண்டிய கேள்விகளைத் திரட்டிக்கொள்ள அது நல்ல இடம்.

முதற்கேள்வி தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றால், 200 லிட்டர் தொட்டி இருவருக்கு 20 நாள் வரும். குளிப்பது தனிக்கணக்கு. குடம் குடமாக நீரை எண்ணிச் செலவிட்டுப் பழகிய நம் இல்லத்தரசியருக்கு இது கடினமன்று.

இரண்டாவது பணம். படகின் விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஆகும் என்பது படகுக்காரர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 30 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மாதம் 25,000 ரூபாய்! ஓய்வூதியம் வாங்குவோர் இதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பாதுகாப்பு. படகில் வைத்திருக்கவேண்டிய அபாய வாணங்கள் நம்மவர்க்கு அந்நியமல்ல. நம் ஊர் மத்தாப்புக்குச் சிவப்பு நிறம் தரும் ஸ்ட்ரான்சியம் உப்பே அவற்றுக்கும் நிறம் தருகிறது. பன்னாட்டு விதிப்படி, கையில் பிடிக்கும் வாணம் குறைந்தது 1 நிமிடம் எரியவேண்டும். பாராசூட் வாணம் 300 மீட்டர் உயரம் சென்று 40 வினாடி ஒளிரவேண்டும். இங்கே திருவிழாவுக்கு எரிவது, அங்கே உயிருக்காக எரிகிறது.

நான்காவது பயிற்சி. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, தோழி தில்னாவுடன் ‘தாரிணி’ என்னும் 17 மீட்டர் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார். நீண்ட பயிற்சிக்குப் பின்னரே அவர்கள் புறப்பட்டனர். வயது தடையன்று; ஜோசுவா ஸ்லோக்கம் 1895இல் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டபோது அவருக்கு வயது 51. ஆனால் அவர் வாழ்நாள் முழுதும் மாலுமியாயிருந்தவர். நாங்களோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் எழும் புயல்களைச் செய்தியில் மட்டுமே அறிந்தவர்கள்.

இவையெல்லாம் கணக்கில் அடங்குபவை. அடங்காதது ஒன்றுண்டு. பேரப்பிள்ளையின் முதல் நன்மை, அண்டை வீட்டாரின் துக்கம், ஞாயிறு பூசைக்குப்பின் கோவில் வளாகத்தில் நின்று பேசும் அரைமணி நேரம், இவற்றைப் படகில் ஏற்றிச்செல்ல இயலாது. இருவரில் ஒருவர் நோயுற்றால், மற்றவர் தனியே படகைக் கரைசேர்க்கத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

எனவே நாங்கள் கண்ட முடிவு இது. வீட்டை விற்பதில்லை. 1911இல் நிறுவப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற கழகமொன்றில் இருவருமே பாய் பிடிக்கக் கற்பது. பிறகு, பயன்படுத்திய சிறு படகொன்றை வல்லுநர் நீரிலிருந்து தூக்கிச் சோதித்த பின்னரே வாங்குவது. முதலாண்டில் மாதம் ஒரு வாரம் மட்டும் அதில் தங்குவது. ஒருவர் மனம் ஒப்பாவிடில் இருவரும் கரையிலேயே இருப்பது.

ஓய்வுக்காலத் திட்டம் எதுவாயினும், கணவன் மட்டும் வகுத்து மனைவி பின்தொடர்வதாக அது அமையலாகாது. வாசகக் குடும்பங்களே, உங்கள் திட்டத்தையும் இன்றிரவு இருவருமாய் அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.