பனி கொட்டாத ஊரில் ஒரு பனி விளையாட்டு ரசிகன்

பெப்ரவரியில் புசல்லாவைக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும். கம்பளையிலிருந்து ஏறிவரும் பஸ்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு வரும். ஒரு ஸ்வெட்டர், ஒரு தொப்பி, சுடச்சுட ஒரு ப்ளேன்டீ. எங்களுக்குத் தெரிந்த குளிர் இவ்வளவுதான். நுவரெலியா பக்கம் சில விடியற்காலைகளில் உறைபனி படிந்து கொழுந்து கருகுவதுண்டு. அதைத் தாண்டிய பனியை டீவியில் மட்டும்தான் கண்டிருக்கிறோம்.

இருந்தாலும் நான் குளிர்கால விளையாட்டுகளின் ரசிகன். அதற்குக் காரணம் ஒஸ்லோவில் இருக்கும் என் பெரியப்பா மகன்.

2022 பெப்ரவரியில் பீஜிங் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது அவர் வாட்ஸ்அப்பில் அழைத்தார். "டீவியைப் போடு தம்பி, ரிலே தொடங்கப் போகுது." அது பயத்லன். பனிச்சறுக்கு மட்டையில் ஓடிவந்து, முதுகில் இருக்கும் துப்பாக்கியைக் கழற்றி, இலக்கைச் சுட்டுவிட்டுத் திரும்பவும் ஓட வேண்டும். துப்பாக்கியைக் கண்டதும் அம்மா, "அத நிப்பாட்டுப்பா" என்றார். நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தேன். தெளிவான முன்னணியோடு கடைசிச் சூட்டுக்கு வந்த ரஷ்ய வீரர் இலக்குகளைத் தவறவிட்டார். பின்னால் வந்த நோர்வே தங்கத்தை எடுத்துக்கொண்டு போனது. தொலைபேசியில் அண்ணா கத்தியது வீதிவரை கேட்டிருக்கும்.

வன்னியில் கடைசி மாதங்கள்வரை இருந்தவர் அவர். எப்படி இதை ரசிக்கிறீர்கள் என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். "இங்க சுட்டா கறுப்பு வட்டம் வெள்ளையாகும், அவ்வளவுதான் தம்பி. ஒருத்தரும் விழமாட்டாங்க" என்றார்.

ஒஸ்லோவுக்கு வந்த வழி

1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன பல குடும்பங்களில் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. அண்ணா பிறந்தது கிளிநொச்சியில். 2009க்குப் பிறகு அவர் நோர்வே போய்ச் சேர்ந்தார்.

நோர்வேக்கும் தமிழருக்குமான தொடர்பு போரைவிடப் பழையது. குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956இல் அங்கு போனார். பின்னர் அவரது முயற்சியால் யாழ்ப்பாணத்தில் சீ-நோர் என்ற கடற்றொழில் நிறுவனம் உருவானது. அந்தத் தொடர்பின் வழியே மாணவர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் போனவர்களில் பலர் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். சனத்தொகை 60 இலட்சத்துக்கும் குறைந்த அந்த நாடு 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களையும், 2022 பீஜிங்கில் 16 தங்கங்களையும் வென்றது. பனிச்சறுக்கு அங்கே எங்கள் கிரிக்கெட் மாதிரி. சுவிஸிலும் பாடசாலைகளே பிள்ளைகளைப் பனிச்சறுக்கு முகாமுக்கு அழைத்துப் போவதால், அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அது பழக்கமான விடயம்.

யார் பக்கம்?

கிரிக்கெட் பார்ப்பது எங்களுக்கு ஒருபோதும் வெறும் கிரிக்கெட் பார்ப்பதாக இருந்ததில்லை. 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவும் இலங்கையும் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆடியபோது, முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "நீங்க யாருக்கு சப்போர்ட்?" என்று அன்று கேட்கப்பட்ட கேள்வி விளையாட்டைப் பற்றியது அல்ல என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவருக்கும் தெரியும்.

பனி விளையாட்டில் அந்தக் கேள்வி வராது. 2022 வரை நடந்த எந்தக் குளிர்கால ஒலிம்பிக்கிலும் இலங்கை பங்குபற்றியதில்லை. யாரை விரும்புவது என்பதை நாங்களே தீர்மானிக்கலாம். ஒருவரது ஓட்டம் பிடிக்கலாம், ஒருவரது கதை பிடிக்கலாம்.

ஜப்பானின் யுசுரு ஹன்யு எனக்குப் பிடித்தது அப்படித்தான். 2011 மார்ச்சில் பூமியதிர்ச்சி வந்தபோது அவர் செண்டாய் நகரில் பனிச்சறுக்கு அரங்கில் பயிற்சியில் இருந்தார். காலில் சறுக்குச் சப்பாத்தோடு வெளியே ஓடினார். சில நாட்கள் குடும்பத்தோடு தற்காலிக முகாமில் இருந்தார். மூன்று வருடம் கழித்து சோச்சியில் தங்கம், 2018இல் மீண்டும் தங்கம். முகாம் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அவர் சுழல்வதைப் பார்க்கும்போது தோன்றுவதை விளக்க வேண்டியதில்லை.

எதைக் கவனிப்பது?

முதல் தடவை பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியும். அண்ணா எனக்குச் சொல்லித்தந்ததைச் சுருக்கித் தருகிறேன்.

பயத்லனில் மூச்சைக் கவனியுங்கள். இலக்குகள் ஐந்து, தூரம் 50 மீற்றர். படுத்துச் சுடும்போது இலக்கு வட்டத்தின் விட்டம் 45 மில்லிமீற்றர், நின்று சுடும்போது 115 மில்லிமீற்றர். மூச்சு வாங்க ஓடிவந்தவர் அந்தச் சில விநாடிகளுக்குள் கையை அசையாமல் பிடிக்க வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் தவறும் ஒவ்வொரு இலக்குக்கும் 150 மீற்றர் சுற்றுப்பாதையில் ஒருதரம் கூடுதலாக ஓட வேண்டும். ஆகவே வேகமாக ஓடுபவர் மட்டும் வெல்வதில்லை. பதற்றத்தை அடக்கத் தெரிந்தவரே வெல்கிறார்.

பனித்தள்ளுவண்டிப் போட்டிகளில் கடிகாரத்தைக் கவனியுங்கள். 2018இல் இருவர் ஓட்டும் பொப்ஸ்லேயில் கனடாவும் ஜேர்மனியும் நான்கு ஓட்டங்களின் முடிவில் விநாடியின் நூறில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லாமல் நின்றன. இரு அணிகளுக்கும் தங்கம் கொடுத்தார்கள்.

பனித்தாவலில் தூரம் மட்டும் போதாது. ஐந்து நடுவர்கள் பாய்ச்சலின் அழகுக்கும் இறங்கும் விதத்துக்கும் புள்ளி கொடுப்பார்கள். மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் கழிக்கப்படும். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதற்கும் கணக்கு உண்டு.

பனி நடனத்தில் முன்பு 6.0 தான் உச்சப் புள்ளி. 2002 சோல்ட் லேக் சிற்றியில் நடுவர் ஊழல் வெடித்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி மதிப்பு. விழுந்தவரும் சில நேரம் வெல்வது அதனால்தான். எங்கள் வாட்ஸ்அப் சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும்.

பனியிலும் இரத்தம் உண்டு

இந்த உலகம் போரிலிருந்து விலகி நிற்கிறது என்று நினைத்தால் அது தவறு. பயத்லனே பழைய இராணுவ ரோந்துப் போட்டிகளிலிருந்து வந்தது.

1984இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த நகரம் சரயேவோ. எட்டு வருடம் கழித்து அதே நகரம் முற்றுகைக்குள்ளானது. ட்ரெபெவிச் மலையில் இருந்த பொப்ஸ்லே பாதை பீரங்கி நிலையானது. பனி நடனம் நடந்த செட்ரா அரங்கின் மர இருக்கைகள் சவப்பெட்டி செய்யப் பயன்பட்டன, பக்கத்து மைதானம் மயானமானது. பாடசாலை முகாமாகி, பிறகு வைத்தியசாலையாகி, பிறகு வெறும் சுவராக நின்றதைக் கண்ட எங்களுக்கு இது அந்நியக் கதை அல்ல.

1994 பெப்ரவரி 5ஆம் திகதி சரயேவோவின் மார்க்கலே சந்தையில் விழுந்த ஒரு எறிகணை 68 பேரைக் கொன்றது. ஒரு வாரத்தில் நோர்வேயின் லில்லஹாமரில் ஒலிம்பிக் தொடங்கியது. தொடக்க விழாவில் சரயேவோவுக்காக மௌனம் காக்கப்பட்டது. பொஸ்னியாவின் பொப்ஸ்லே அணியில் பொஸ்னியாக்கரும் குரோஷியரும் சேர்பியரும் ஒரே வண்டியில் அமர்ந்தார்கள். நோர்வேயின் ஜொஹான் ஒலாவ் கொஸ் மூன்று தங்கங்களை மூன்று உலக சாதனைகளோடு வென்று, 1500 மீற்றர் வெற்றிக்குக் கிடைத்த பரிசுப் பணத்தைப் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இயங்கிய ஒலிம்பிக் எய்ட் நிதிக்குக் கொடுத்தார்.

மௌனத்தால் முற்றுகை முடியவில்லை. அது 1996வரை நீடித்தது. 2022இலும் உக்ரைனின் விளாடிஸ்லாவ் ஹெராஸ்கேவிச் தன் ஓட்டம் முடிந்ததும் "உக்ரைனில் போர் வேண்டாம்" என்று எழுதிய தாளைக் கமராவுக்குக் காட்டினார். ஒலிம்பிக் முடிந்து நான்காம் நாள் படைகள் நுழைந்தன. விளையாட்டு போரை நிறுத்தாது. ஆனால் கோடிக்கணக்கானோர் பார்க்கும் நேரத்தில் ஒருவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடிக்கலாம். யாரும் பார்க்காத ஒரு போரின் கடைசி மாதங்களைக் கடந்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

பேரிங் வண்டியும் லூஜும்

எங்கள் லயத்துப் பொடியன்கள் பலகையில் பேரிங் பூட்டித் தோட்டத்து ரோட்டில் சறுக்கி விளையாடுவார்கள். முழங்கால் உரியாத பிள்ளை கிடையாது. இந்தியாவின் சிவ கேசவன் இமாலய வீதிகளில் ஏறக்குறைய அதையே செய்தார். பயிற்சிக்குப் பனிப்பாதை இல்லாததால் வண்டிக்குச் சக்கரம் பூட்டி ஓட்டினார். 1998 நகானோவில் 16 வயதில் லூஜ் போட்டியில் இறங்கி, 2018வரை ஆறு ஒலிம்பிக்குகளில் பங்குபற்றினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநிறுத்தப்பட்டிருந்ததால் 2014 சோச்சியில் தன் நாட்டுக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழேயே ஓடினார். பதக்கம் ஒன்றும் வெல்லவில்லை. ஆனாலும் அவரை நினைக்கும்போது அந்தத் தோட்டத்து ரோடு எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

இந்தப் பெப்ரவரி

மிலான்–கோர்ட்டினா ஒலிம்பிக் 2026 பெப்ரவரி 6 முதல் 22 வரை இத்தாலியில் நடக்கிறது. 116 தங்கங்களுக்கான போட்டிகள். மலையேறிச் சறுக்கும் போட்டி முதல் தடவையாகச் சேர்கிறது. இத்தாலி நேரத்துக்கு நான்கரை மணித்தியாலம் கூட்டினால் எங்கள் நேரம். காலை பத்து மணிப் போட்டி இங்கு பின்னேரம் இரண்டரைக்கு வரும், இரவு ஏழு மணிப் பனி நடனம் பதினொன்றரைக்கு. நேரலை கிடைக்காவிட்டால் ஒலிம்பிக்கின் யூடியூப் பக்கத்தில் சுருக்கக் காட்சிகள் வரும், டேட்டாவும் மிச்சம்.

ஒரு காட்சியை மட்டும் தேடிப் பாருங்கள். 2022இல் 15 கிலோமீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பின்லாந்தின் ஈவோ நிஸ்கானென், தன் வேலை முடிந்தும் எல்லைக்கோட்டை விட்டுப் போகவில்லை. கடுங்குளிரில் காத்து நின்று, கடைசியாக வந்த கொலம்பியாவின் கார்லோஸ் குயின்டானாவைக் கைகொடுத்து வரவேற்றார்.

அண்ணா அதை எனக்கு அனுப்பியபோது எதுவும் எழுதவில்லை. வன்னியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. பனியைப் பற்றிப் பேசுகிறோம். அன்று வழமைபோல அழைத்து, "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். வருகிற 6ஆம் திகதியும் அவர் அழைப்பார். அம்மாவும் இப்போது சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை.