போகும்போது ‘வர்றேன்’!

குட்டீஸ், இன்று ஒரு நாள் மட்டும் நீங்கள் தென்கொரியாவிலிருந்து வந்த பயணி! சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறீர்கள். செம்பரம்பாக்கத்தைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. 1998 முதல் இங்கே ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்திலும் ஓட்டல் பலகைகள் தென்படுகின்றன.

மே மாத வெயில். ஒரு டீக்கடையில் நிற்கிறீர்கள். “டீ கிடைக்குமா?” கடைக்காரர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். ‘இல்லை போலிருக்கு’ என்று திரும்பினால், ஆவி பறக்க டீ வந்து நிற்கிறது! அந்தத் தலையாட்டலுக்கு இங்கே ‘சரி’ என்று அர்த்தம்.

கொளுத்தும் வெயிலில் கொதிக்கும் டீயா என்று கொரியர் மட்டும் கேட்க முடியாது. அவர்கள் ஊரில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் வெயில் உச்சம். அப்போது ‘சம்கெதாங்’ என்ற கோழி சூப்பைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார்கள். முழுக் கோழிக்குள் அரிசி, பூண்டு, ஜின்செங் வேர் வைத்து வேகவைத்தது. சூட்டைச் சூட்டால்தான் விரட்ட வேண்டுமாம்!

பக்கத்தில் டீ குடித்தவர், “வர்றேன்ணே” என்று சொல்லிவிட்டுப் போயே விட்டார். வர்றேன் என்றவர் ஏன் போகிறார்? யோசித்துப் பார்த்தால், கொரியப் பிள்ளைகளும் பள்ளிக்குக் கிளம்பும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள்.

“தம்பி, என்ன வயசு?” என்கிறார் கடைக்காரர். இப்போது குழப்பம் அவருக்கு! கொரியாவின் பழைய கணக்கில் குழந்தை பிறந்தவுடனே ஒரு வயது. ஜனவரி 1 வந்தால் எல்லாருக்கும் இன்னொரு வயது கூடும். டிசம்பர் 31-ல் பிறந்த பாப்பாவுக்கு மறுநாளே இரண்டு வயது! 2023 ஜூனில் வந்த சட்டத்தால் அரசுக் காரியங்களுக்கு நம்மைப் போலப் பிறந்த நாள் கணக்கு. சிரிக்காதீர்கள்! நம் பாட்டியும் ‘பத்து முடிஞ்சு பதினொன்று நடக்குது’ என்பாரே.

பெரிய விசித்திரம் இனிமேல்தான். கடையில் தண்ணீரைக் கேனிலிருந்து பிடித்துத் தருகிறார்கள். கொஞ்ச தூரத்திலேயே கடல் மாதிரி செம்பரம்பாக்கம் ஏரி! அந்த நீர் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குப் போகிறது. 2015 டிசம்பரில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட, அடையாறு கரைபுரண்டு சென்னையில் வெள்ளம். 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடக்க, குடங்களோடு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது அதே சென்னை!

காரணம் இருக்கிறது. நம் பகுதிக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஏரியை முழுக்க நிரப்பினால், அடுத்த புயலின் தண்ணீருக்கு இடமிருக்காது. முன்னதாகவே திறந்துவிட்டு, அப்புறம் மழை ஏமாற்றிவிட்டால், கோடையில் குடிக்க இருக்காது. இந்தக் கணக்கை மழைக்காலம் முழுவதும் பொறியாளர்கள் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏரியின் முழு உயரம் 24 அடி. மழைக்காலத்தில் தினமும் நாளிதழில் நீர்மட்டம் வரும். மதகைத் திறக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்!